முடிச்சவிழ்க்கி அண்ணி

எங்கள் அண்ணியைத் தெருவே முடிச்சவிழ்க்கி என்றுதான் கூப்பிடும். வேறு இடத்தில் யாரையாவது அப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள், செருப்பு பறக்கும். எங்கள் பக்கத்தில் அது வசவு இல்லை, ஒரு பொறுப்பு. புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ்காரர் ஒருவருக்கு இது தெரியாது. சந்தை முனையில் யாரோ "ஏ முடிச்சவிழ்க்கி!" என்று கத்தியதும், திருடியைப் பிடித்துவிட்டோம் என்ற குஷியில் ஓடிவந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணி அசரவில்லை. "விடுய்யா கையை. என்கிட்ட அவுத்துவிட்டுக்கிட்டுப் போனவன் ஒருத்தனும் ஸ்டேஷனுக்கு வந்து புகார் குடுக்க மாட்டான். எல்லாரும் செத்தவனுங்க" என்றாள். மனிதர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

விஷயம் இதுதான். எங்கள் வழிபாட்டில், இறந்தவர் உடம்பில் ஒரு முடிச்சுகூட இருக்கக் கூடாது. தலைப்பின்னல், இடுப்புக் கயிறு, பாவாடை நாடா, செருப்பு வார், மணிக்கட்டில் கட்டிய வேண்டுதல் நூல், எல்லாவற்றையும் அவிழ்த்துவிட வேண்டும். கட்டோடு போகிறவர் வழியிலேயே நின்றுவிடுவார் என்பது எங்கள் நம்பிக்கை. கத்தரிக்கோல் வைத்து வெட்டினால் செல்லாது, விரலால் அவிழ்க்க வேண்டும். முன்பு அண்ணியின் அப்பா இதைச் செய்தார். அவருக்குப் பிறகு அண்ணி. ஒரு தபால்காரரின் நனைந்துபோன காலணி நாடாவைக் கடைசியில் பல்லால் இழுத்து அவிழ்த்தாள் என்று இன்றைக்கும் சொல்வார்கள். கேட்டால், "பின்னே, அந்த மனுஷன் மழையில நடந்தது போதாதா, அங்கேயும் ஷூவோட நடக்கணுமா?" என்பாள்.

பிழைப்புக்குத் தையல் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டிய கடை. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "அளவு சரியா எடுத்தீங்களா?" என்று யாராவது கேட்டுவிட்டால் துணியை முகத்தில் வீசுவாள். எனக்கும் அவளுக்கும் ஆகாது. என் கல்யாண உடுப்பில் இடது தோள் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றேன் நான். உன் தோளே அப்படித்தான் என்றாள் அவள். கட்டிய தாலி மேல் சத்தியமாகச் சொல்கிறேன், என் தோள் நேராகத்தான் இருக்கிறது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனாலும் எங்கள் தெருவில் சாவை மடக்கி நிறுத்தியவள் யார் என்று கேட்டால், என் அண்ணன் பெண்டாட்டிதான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். அவள் காதில் விழாத இடமாகப் பார்த்துச் சொல்வேன், அவ்வளவுதான்.

நான் பெரிய ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வார்டுத் துணி, ஆபரேஷன் அறைத் துணி, பிணவறைத் துணி எல்லாம் என் கைக்குத்தான் வரும். அதனால் பிணவறை டாக்டரம்மாவை எனக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர். மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி, எப்போதும் அவசரம். துணி குறைந்தால் தானே வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போவார். நல்ல மனுஷி.

எங்கள் ஜனங்களுக்குப் போஸ்ட்மார்ட்டம் என்றாலே ஆகாது. அதற்கு ஒரு கதை இருக்கிறது. அண்ணியின் அப்பா இருந்த காலத்தில், சாரத்திலிருந்து விழுந்து செத்த ஒரு கொத்தனாரை அறுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். தொண்டைக்குழியிலிருந்து அடிவயிறுவரை, கோணி தைக்கிற சணலால் தைத்து, அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. அப்பா என்ன செய்வார்? அவர் கடமை, ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அவிழ்க்க அவிழ்க்கத் தையல் வாய் பிளந்துகொண்டது. கொத்தனாரின் அம்மா பக்கத்திலேயே நின்று அதைப் பார்த்தாள். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவே இல்லை. மறுநாள் வழிபாட்டுக் கூடத்தில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று, "இனிமே முடிச்சுத் தந்தா வாங்காதீங்க" என்றார். அந்த வார்த்தை அப்படியே நிலைத்துவிட்டது. யார் வீட்டு உடல் பிணவறைக்குப் போனாலும், வாசலில் நின்று "முடிச்சுத் தராதீங்க" என்று கெஞ்சுவது வழக்கமாகிப்போனது. டாக்டரம்மாவும் தலையை ஆட்டிவிட்டு, உடலைத் தொடாமல் அப்படியே கொடுத்தனுப்புவார். எங்கள் ஜனங்களுக்கு அவர் மேல் அவ்வளவு மரியாதை. சொன்னதைப் புரிந்துகொள்கிற டாக்டர் என்பார்கள்.

அப்புறம்தான் அந்தக் காய்ச்சல் வந்தது.

மழை விட்டதும் வாய்க்கால் கரை உடைந்து தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். அதில்தான் நடந்தோம், அதில்தான் பிள்ளைகள் விளையாடின. தண்ணீர் வடிந்ததும் ஒவ்வொரு வீடாகக் காய்ச்சல். கண் சிவக்கும், கெண்டைக்கால் தொட முடியாமல் வலிக்கும், அப்புறம் இருமல், மூச்சுத் திணறல், அதோடு முடிந்தது. கொசுக்காய்ச்சல் என்றார்கள். புகை போட்டோம், மருந்தடித்தோம், வீட்டுக்கு வீடு தொட்டியைக் கவிழ்த்தோம். கொசு செத்தது, சாவு நிற்கவில்லை. வார்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள், துணிகள் என்னிடம் வந்துகொண்டே இருந்தன. அண்ணி கடையைத் திறக்கவே நேரமில்லை. வீடு வீடாகப் போய்க் கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு என் மகளுக்கு வந்தது.

என் மகள் வாயாடி. தூக்கத்தில்கூடப் பேசுவாள். அவள் வார்டில் கண்ணை மூடிப் பேசாமல் கிடந்தாள். கெண்டைக்காலைத் தொட்டால் முனகினாள். அடுத்த கட்டிலில் எங்கள் தெருப் பால்காரர், அவருக்கும் அதேதான், இரண்டு நாள் முந்தி வந்தவர். அவர் இப்போது இருமத் தொடங்கியிருந்தார். அந்த இருமல் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் என் மகளுக்கு அடுத்து என்ன என்பது எனக்குத் தெரிந்தது.

நடைபாதையில் டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "என்னம்மா இது? ஒருத்தருக்குமே மருந்து கேக்க மாட்டேங்குதே?"

"எனக்கென்ன தெரியும்மா? ரத்தத்துல தெளிவா ஒண்ணும் பிடிபடல" என்றார் அவர். "கொசுக்காய்ச்சல் இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. உள்ள எதைத் தாக்குதுன்னு ஒரே ஒரு உடம்பைக் கண்ணால பாத்தா சொல்லிடுவேன். மேல வார்டுல இருக்கறவங்களுக்கு மருந்தை மாத்தலாம். உங்க ஜனங்கதான் விட மாட்டேங்கறாங்களே."

நானும் அந்த ஜனம்தானே. அந்த நிமிஷம் கடவுள் வந்து, உன் மகளைக் கொடு, இல்லை முடிச்சு வழக்கத்தை விடு என்று கேட்டிருந்தால் நான் எதைச் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அடுத்தவர் வீட்டு உடம்பை நான் எப்படிக் கேட்பது?

மறுநாள் காலை பால்காரர் போய்விட்டார்.

கீழே பிணவறை வாசலில் அவர் பெண்டாட்டி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டு அவிழ்க்க அண்ணி வந்திருந்தாள். நானும் துணியோடு போய் நின்றேன். டாக்டரம்மா கதவைத் திறந்து வெளியே வந்ததும், பால்காரர் பெண்டாட்டி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். முடிச்சுத் தந்துடாதீங்க."

"முடிக்கலம்மா" என்றார் டாக்டரம்மா, அலுத்துப்போய். "எங்கிருந்து முடிக்கறது? நீங்க யாரும் ஆரம்பிக்கவே விடலையே."

அண்ணி சட்டென்று தலையைத் தூக்கினாள். "எதை ஆரம்பிக்க விடல?"

"பரிசோதனையைத்தான். ஒவ்வொரு வீட்டுக்காரரும் வந்து இதே வார்த்தை. முடிச்சுத் தராதீங்க, முடிச்சுத் தராதீங்க. சரி, முடிச்சுத் தர வேணாம்னா ஆரம்பிச்சு என்ன பிரயோஜனம்? தொடாம அனுப்பிடறேன்."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "அடக் கடவுளே! அந்த முடிச்சு இல்லைம்மா! இந்த முடிச்சு!" தையல்காரி அல்லவா, அவள் உடுப்பில் எப்போதும் நாலு நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றைப் பிடுங்கி, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு, டாக்டரம்மாவின் கண்ணாடிக்கு முன்னால் நீட்டினாள். "நூல் முடிச்சும்மா! இது எங்க ஆளுங்க உடம்புல இருக்கக் கூடாது! அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கோம்!"

டாக்டரம்மா அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "நூலா? இத்தனை நாளா நீங்க எல்லாரும் என்கிட்ட நூலைப் பத்தியா சொன்னீங்க?" பக்கத்தில் கிடந்த ஸ்ட்ரெச்சரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. நானும் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு அவரே கேட்டார். "அப்போ அறுக்கறதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்லையா?"

"அறுத்தா தைக்கணும், தைச்சா முடிச்சு விழும். எங்களுக்கு ரெண்டும் ஒண்ணாவே இருந்துச்சு. யாரும் பிரிச்சுக் கேக்கல, நாங்களும் பிரிச்சு யோசிக்கல." அண்ணி யோசித்துக்கொண்டே பேசினாள். "என் மகனையே என் வயித்தை அறுத்துத்தான் எடுத்தாங்க. வழிபாட்டுக் கூடத்துப் பெரியவர் வந்து ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போனாரு. கத்தி பட்டதுக்கு ஒண்ணும் சொல்லலையே."

"முடிச்சு இல்லாமலும் தைக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "தோலுக்குள்ளயே ஓட்டிக்கிட்டுப் போற தையல் ஒண்ணு இருக்கு. உயிரோட இருக்கறவங்களுக்குத் தழும்பு தெரியக் கூடாதுன்னு போடுவாங்க. பிணத்துக்கு யாரு மெனக்கெடறாங்க? நான் போட்டுப் பல வருஷம் ஆச்சு. முனை நிக்காது, அவுந்து வந்துடும்."

"முனை என் பாடு. அந்த வளைஞ்ச ஊசியை எப்படிப் பிடிக்கறதுன்னு மட்டும் நீங்க காட்டுங்க."

இரண்டு பேரும் கடையில் துணி பேரம் பேசுகிறவர்கள் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சட்டென்று இருவருமே பேச்சை நிறுத்திப் பால்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார்கள். உடம்பு அவளுடையது அல்லவா.

அண்ணி போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "உன் புருஷனை அறுத்துப் பாக்கலாமான்னு கேக்கறேன். கேக்கக் கூடாததுதான். நீ முடியாதுன்னா ஒரு வார்த்தை பேச மாட்டேன், இப்பவே கட்டெல்லாம் அவுத்துக் கூட்டிட்டுப் போலாம். ஆனா மேல நம்ம தெரு ஆளுங்க வரிசையா கிடக்கறாங்க. இவ பொண்ணும் கிடக்கா." என்னைக் காட்டினாள்.

நான் அவளைக் கும்பிட்டேன்.

பால்காரர் பெண்டாட்டி என் பக்கம் திரும்பினாள். "உன் பொண்ணு பக்கத்துக் கட்டில்ல இருந்துச்சு" என்றாள். "விடியக்காலம் இவரு மூச்சு முட்டறப்போ நான் தண்ணி பிடிக்கப் போயிருந்தேன். அதுதான் நர்ஸைக் கூப்பிட்டுச்சாம். கத்தக்கூடத் தெம்பில்லாம கட்டில் கம்பியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுச்சாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாருங்க. என்ன எழவு நோய்னு பாருங்க. ஆனா அவரு கட்டு எதுவும் இல்லாம போகணும். எனக்கு அது வேணும்."

நான் அவள் மடியில் விழுந்து அழுதேன். அவளுக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில் அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

இதற்குள் செய்தி பரவி, பால்காரரின் அண்ணன் தம்பிகள் கூடத்துப் பெரியவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வந்த வேகத்தில் ஒரே கூச்சல். கூறு போடவா பார்க்கிறீர்கள், ஈரலை விற்கவா பார்க்கிறீர்கள் என்று ஆளுக்கு ஒன்று. பெரியவர் கையை உயர்த்தியதும் அடங்கினார்கள். அவர் கெட்டவர் இல்லை. அந்த மழைக்காலத்தில் அத்தனை அடக்கத்துக்கும் முன்னால் நின்றவர். களைத்துப்போயிருந்தார்.

"முடிச்சு மட்டும்தானா?" என்றார் அண்ணியிடம். "வந்த உடம்பு முழுசா திரும்பிப் போகணுமே. உங்க அப்பன் இருந்தா இதுக்கு ஒத்துக்குவானா?"

"பெரியவரே, போன வருஷம் இதே ஆஸ்பத்திரியிலதான் உங்க பித்தப்பையை எடுத்தாங்க" என்றாள் அண்ணி. "அது இப்போ எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? அப்போ நீங்க முழுசா போகப் போறதில்லையா?"

எனக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தம்பிகளில் ஒருவன் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டான்.

"உன் வாய் இருக்கே..." என்றார் பெரியவர். "சரி. எடுத்துப் பாத்த எல்லாத்தையும் திருப்பி உள்ள வைப்பாங்களா?"

"வைப்பேன். நோய் பாக்கக் கடுகளவு துண்டு மட்டும் எடுத்துக்குவேன். அதையும் சொல்லிட்டுத்தான் எடுப்பேன்" என்றார் டாக்டரம்மா.

பெரியவர் பால்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். "அவ சம்மதம்தான் சம்மதம்" என்றார் அவர். "ஆனா தையலை நான் என் விரலால தடவிப் பாப்பேன். ஒரே ஒரு முடிச்சு இருந்தாலும், இனிமே நீ ஒருத்தர் கட்டையும் அவுக்கக் கூடாது. இந்த ஆஸ்பத்திரிப் பக்கம் நம்ம ஆளுங்க உடம்பும் வராது."

"சரி" என்றாள் அண்ணி. அப்பாவிடமிருந்து வந்த பொறுப்பை அந்த ஒரு வார்த்தையில் பணயம் வைத்தாள்.

அவளுக்கு மேலங்கி, முகமூடி, இரட்டைக் கையுறை எல்லாம் மாட்டிவிட்டார்கள். நான் சுத்தமான துணியோடு உள்ளே ஓரமாக நின்றேன். டாக்டரம்மா கத்தியை எடுத்ததும் அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது, வேண்டுதலா திட்டா தெரியாது. கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா "ஆ!" என்றார். "நுரையீரல் முழுக்க ரத்தம். சிறுநீரகம் பாருங்க, வீங்கி நிறம் மாறிக் கிடக்கு. இது கொசு இல்ல. எலி! எலி மூத்திரம் கலந்த தண்ணி! எலிக்காய்ச்சல்!" உதவியாளரைக் கூப்பிட்டார். "மேல ஓடுங்க. ரிசல்ட் வர்றவரைக்கும் காத்திருக்க வேணாம், எல்லாருக்கும் ஊசி மருந்தை மாத்தச் சொல்லுங்க. ஓடுங்க!"

"நீயும் ஓடேண்டி, இங்க என்ன வேடிக்கை!" என்று அண்ணி சுவரைப் பார்த்தபடியே கத்தினாள்.

ஓடினேன். மாடிப்படியில் எத்தனை இடத்தில் முட்டிக்கொண்டேன் என்று தெரியாது. நான் போய்ச் சேர்வதற்கும் நர்ஸ் என் மகள் கையில் புது மருந்தை ஏற்றுவதற்கும் சரியாக இருந்தது. மருந்து உள்ளே இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு நர்ஸ் என்னை வெளியே தள்ளிவிட்டாள். திரும்பக் கீழே வந்தேன்.

உள்ளே அண்ணி தைத்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு முடிந்து வயிற்றுக்கு வந்திருந்தது தையல். இவ்வளவு அழகான தையலை நான் என் கல்யாண உடுப்பிலும் பார்த்ததில்லை. அப்போதுதான் அவள் கை நின்றது. "ஐயையோ" என்றாள், மெதுவாக.

நூலைக் கோத்ததும் தையல்காரர்களின் விரல் தானாக முனையை உருட்டி ஒரு முடிச்சுப் போட்டுவிடும். அது மூச்சு விடுவது மாதிரி, யோசித்துச் செய்வதில்லை. ஊசியைக் கோத்த நேரத்தில் அவள் விரலும் அதைச் செய்துவிட்டது. அந்த முடிச்சு தொண்டைக்குழியில், தோலுக்கு அடியில், உட்கார்ந்திருந்தது.

"சனியன் பிடிச்ச கை!" என்று தன் கையையே அடித்துக்கொண்டாள்.

"விடுங்கம்மா" என்றார் டாக்டரம்மா தணிந்த குரலில். "உள்ள மறைஞ்சுதானே கிடக்கு. தடவினாலும் தெரியாது. வெளிய அவங்க பொறுமை இல்லாம நிக்கறாங்க."

"அவங்களுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியுமே" என்று அண்ணி பால்காரரைக் காட்டினாள்.

முழுத் தையலையும் பிரித்தாள். வெளியே கதவைத் தட்டினார்கள், அவள் காதில் வாங்கவில்லை. அந்த முடிச்சைக் கையுறை போட்ட விரலால் நிமிண்டி நிமிண்டி அவிழ்த்துவிட்டு, புது நூல் கோத்து, முனையை உருட்டாமல் விரலை விரித்தே வைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். தொடக்கத்திலும் முடிவிலும் போன வழியிலேயே திரும்பி வந்து நூலுக்கு மேல் நூலை ஓட்டிப் பிடிக்க வைத்தாள். ஊசி வழுக்கியபோதெல்லாம் டாக்டரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிவிட்டார். கடைசியில் இழுத்துப் பார்த்தார்கள். நின்றது!

பெரியவர் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். பால்காரர் பெண்டாட்டி பின்னாலேயே வந்தாள். பெரியவர் விரலைத் தொண்டைக்குழியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிறுவரை இழுத்தார். கீழிருந்து மேலே இன்னொரு தடவை. கண்ணைத் திறந்து அண்ணியைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல" என்றார். அப்புறம், "அந்தக் கொத்தனாருக்கு இப்படித் தைச்சிருந்தா உங்க அப்பன் அன்னிக்குச் சாப்பிட்டிருப்பான்" என்றார்.

அண்ணி குனிந்து பால்காரரின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள், மணிக்கட்டு நூலை அவிழ்த்தாள். குனிந்து பால்காரரின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள், மணிக்கட்டு நூலை அவிழ்த்தாள். "எல்லாக் கட்டும் அவுந்தாச்சு. நல்லபடியா போயிட்டு வாங்க" என்றாள். எங்கள் வழக்கத்தில் சொல்கிற வார்த்தைதான். அன்றைக்கு அது வேறு மாதிரிக் கேட்டது.

ஆய்வுக்கூடத்து முடிவும் எலிக்காய்ச்சல் என்றே வந்தது. தெரு முழுக்க மாத்திரை கொடுத்தார்கள். கூடத்தில் பெரியவரே எழுந்து நின்று, முடிச்சு இல்லாமல் தைத்துத் தந்தால் வாங்கலாம் என்று அறிவித்தார். எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. வாய்க்கால் கரை வீடு ஒன்றில் தொடவே கூடாது என்றார்கள். அண்ணி ஒரு வார்த்தை வாதாடாமல் போய்க் கட்டு அவிழ்த்துவிட்டு வந்தாள். ஒத்துக்கொண்டவர்களுக்குத் தானே போய்த் தைத்தாள். பிணவறை ஆட்களுக்கும் கற்றுக்கொடுத்தாள். கற்றுக்கொடுத்தாள் என்றால், திட்டித் தீர்த்தாள் என்று அர்த்தம். டாக்டரம்மா இப்போதெல்லாம் யார் வந்து எதைச் சொன்னாலும், "எந்த முடிச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுகிறார். வார்டில் கட்டில்கள் காலியாகத் தொடங்கின, வீட்டுக்கு நடந்து போனவர்களால்!

என் மகளுக்குக் காய்ச்சல் இறங்கியதும் முதலில் சொன்னது, "அம்மா, உன் மேல சோப்பு நாத்தம் அடிக்குது, தள்ளி உக்காரு" என்பது. எனக்கு அதைவிட இனிப்பான பேச்சு எதுவும் இருந்ததில்லை. ஆஸ்பத்திரி நடைபாதை முழுக்கப் பார்த்தவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

வீட்டுக்குக் கூட்டிப்போன அன்று வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னாள் மகள். நடந்துதான் வருவேன் என்று அடம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அண்ணி. அவளுக்குக் கால் இன்னும் தேறவில்லை. பால்காரர் வீட்டு வாசலில் அவர் பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. என்னுடையது திரும்பி வந்துவிட்டது, அவளுடையது வரவில்லை.

"கையை விடுங்க ரெண்டு பேரும்" என்றாள் அவள்.

விட்டோம்.

"நட பாக்கலாம்" என்றாள் மகளிடம்.

மகள் நடந்தாள். ஒரு எட்டு, இன்னொரு எட்டு, தள்ளாடி, மறுபடி நிமிர்ந்து. "இன்னும் கொஞ்சம்" என்றாள் பால்காரர் பெண்டாட்டி. "அந்தக் கம்பம்வரைக்கும் போ." வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். மகள் கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி நின்றாள், முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக.

பால்காரர் பெண்டாட்டி தெருவே அதிரக் கத்தினாள். "பாத்தீங்களா எல்லாரும்? என் புருஷன் போற போக்குல ஒரு பொண்ணை எழுப்பி நடக்க விட்டுட்டுப் போயிருக்காருடி! பாத்துக்கோங்க! நல்லா பாத்துக்கோங்க!"

யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். என் மகள் திரும்பி நடந்து வந்து பால்காரர் பெண்டாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாசல் கதவைத் திறந்து, "உள்ள வாங்க, உக்காந்துட்டுப் போலாம்" என்று எங்கள் எல்லாரையும் கூப்பிட்டாள்.